பாய்மரத்தடியில் நாலு ஸ்க்ரூ

ஒரகடத்தில் நான் வேலை பார்த்த ஷெட்டில் பேருந்துகளுக்கு முன்முகம் செய்வோம். லாரியின் தலைக்கு மேல் காற்றை விலக்குவதற்கு வைக்கிற வளைந்த பலகை, டிராக்டர் மூடி என்று ஃபைபரில் வார்க்கிற எதுவும் அங்கே வரும். முப்பது பேர் வேலை. எல்லோர் கையிலும் எந்நேரமும் கண்ணாடி நாரின் அரிப்பு இருக்கும். அப்படிப்பட்ட இடத்துக்கு மார்கழி மாதம் ஒரு காலையில் டிரெய்லரில் ஒரு பாய்மரப் படகு வந்து இறங்கியது. கேட்டுக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த பக்கத்து கம்பெனிப் பையன்கள் டம்ளரோடு உள்ளே வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

படகு எங்களுக்கு ஆர்டர் கொடுக்கிற கம்பெனியில் தரப் பிரிவுக்குத் தலைமையாக இருந்த மேடத்துடையது. ஐம்பது வயதிருக்கும். நாங்கள் அனுப்பும் சரக்கில் மயிரிழை வெடிப்பு இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுகிறவர் என்று அவர் பெயரைச் சொன்னாலே எங்கள் சூப்பர்வைசருக்கு வேர்க்கும். அன்றைக்கு அவர் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு, ஏணி வைத்துப் படகில் ஏறி, என்னையும் மேலே வரச் சொன்னார். துளை போடுவது, பொருத்துவது எல்லாம் ஷெட்டில் என் வேலை.

"இங்க பாரு," என்று நடுவில் பாய்மரம் நிற்க வேண்டிய இடத்தைக் காட்டினார். மரத்தைக் கழற்றிப் படுக்க வைத்திருந்தார்கள். "பாயை ஏத்தணும்னாலும் எறக்கணும்னாலும், காத்து ஜாஸ்தியானா சுருக்கணும்னாலும் நான் எழுந்து இங்க வரணும். எல்லாக் கயிறும் இங்கதான் முடியுது. போன வருஷம் அலையில இங்க நின்னு சுருக்கும்போது விழுந்தேன். மணிக்கட்டு ஒடஞ்சுது. இன்னும் முழுசாத் திரும்பாது." வலது கையை மடக்கிக் காட்டினார். பாதிக்கு மேல் மடங்கவில்லை. "எல்லாக் கயிறும் பின்னாடி நான் உட்கார்ற எடத்துக்கு வந்துடணும். எழுந்திரிக்காமலே எல்லாம் நடக்கணும்."

அவர் உட்காருகிற இடம் படகின் பின்பாதியில் இருந்த பள்ளம். காக்பிட் என்றார். சுக்கானைத் திருப்புகிற நீளக் கட்டையும் அங்கேதான் இருந்தது. வேலை பார்ப்பதற்குச் சுலபம்போலத்தான் தெரிந்தது. பாய்மரத்தடியில் ஐந்து கப்பிகள். மேலேயிருந்து இறங்கும் கயிறு அதில் திரும்பிப் படகின் கூரைமேல் படுத்துப் பின்னால் வரும். வழியில் அதை ஒதுக்கிவிட இன்னும் சில கப்பிகள். காக்பிட்டின் விளிம்பில், கயிற்றைக் கடித்துப் பிடித்துக்கொள்ளும் நெம்புகோல்கள். அதற்குப் பக்கத்தில் கயிற்றைச் சுற்றி இழுக்க ஒரு வின்ச்.

கஷ்டம் கூரையில் இருந்தது. அது ஒரே ஃபைபர் இல்லை. மேலே ஒரு தகடு, கீழே ஒரு தகடு, நடுவில் பால்சா என்கிற லேசான மரம், கிரீம் பிஸ்கட்டைப் போல. அந்த மரம் நகத்தால் அழுத்தினாலே பள்ளம் விழும். அதில் எதையாவது பொருத்த வேண்டுமென்றால் முதலில் பெரிதாகத் துளை போட்டு, உள்ளே இருக்கிற மரத்தைச் சுரண்டியெடுத்து, அந்த இடத்தில் எபாக்ஸிக் குழம்பை நிரப்ப வேண்டும். ஒரு ராத்திரி முழுக்க அது இறுக வேண்டும். அப்புறம் அந்தக் கல்லில் புதிதாகத் துளை போட்டு, கீழே தகடு கொடுத்து, போல்ட் நட்டு போட்டு முறுக்க வேண்டும். பாய்மரத்தடிக் கப்பியைக் கயிறு பக்கவாட்டில் இழுப்பதில்லை. மேலே பிடுங்குகிறது. கீழே நட்டு இல்லையென்றால் அது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். இதெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு கப்பிகளை அப்படித்தான் மாட்டினேன்.

ஐந்தாவது, பாயைச் சுருக்குகிற கயிற்றுக்கான கப்பி. அதையும் முறைப்படிதான் மாட்டியிருந்தேன். போகிக்கு முந்தின நாள் காலை பதினொரு மணிக்கு மேடம் வந்து காக்பிட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு கயிறாக இழுத்துப் பார்த்தார். "இது பக்கத்துக் கயித்துல உரசுது. ரெண்டு விரல் இடது பக்கம் தள்ளிடு," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ரெண்டு விரல் என்றால் புதிதாக நாலு துளை. எபாக்ஸி, ஒரு ராத்திரி. அதோடு உள்ளே, புது இடத்துக்கு நேர் கீழே, மரப் பலகை அடித்து விளக்குக்கு ஒயர் ஓடியிருந்தது. அதைப் பிரித்தால்தான் நட்டு போட முடியும்.

எனக்கு அன்றிரவு எட்டரைக்குக் கிளாம்பாக்கத்தில் சங்கரன்கோவில் பஸ். ஒரு மாதத்துக்கு முன்பே முன்பதிவு செய்தது. மாட்டுப் பொங்கலன்று என் அக்கா பிள்ளைக்குக் காதுகுத்து. வருஷத்தில் ஒருதடவை போகிற ஊர். ஒரகடத்திலிருந்து வண்டலூர் வரைக்கும் பொங்கல் கூட்டத்தில் வண்டிகள் எப்படி நிற்கும் என்று தெரிந்தவர்களுக்கு என் அவசரம் புரியும். ஐந்து மணிக்காவது ஷெட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும்.

நாலரைக்கு சூப்பர்வைசர் கீழே நின்று கத்தினார். "என்னம்மா, முடிஞ்சுதா? இன்னிக்கு ஷீட்ட க்ளோஸ் பண்ணியாகணும். லீவு முடிஞ்சு மேடம் எடுத்துக்குவாங்க."

"முடியப் போகுது சார்."

கப்பியைப் புது இடத்தில் வைத்தேன். நாலு சின்னத் துளை. மரத்தில் அடிக்கிற மாதிரி நாலு ஸ்க்ரூவை மேலிருந்தே முறுக்கினேன். அடியில் வெள்ளை சீலன்ட் பூசினேன். ஸ்க்ரூவின் தலையும் போல்ட்டின் தலையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. மேலே பார்த்தால் ஐந்து கப்பியும் ஒரே வரிசையில் அழகாக இருந்தது.

எனக்குப் பக்கத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்த அண்ணன் வல்லக்கோட்டைக்காரர். கம்பெனிகளுக்கு நிலத்தைக் கொடுத்துவிட்டு ஷெட்டுக்கு வந்தவர். கூரையின் அந்தப் பக்கம் கயிற்றை ஒதுக்குகிற கப்பிகள் அவர் பொறுப்பு. அவர் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, இன்னா ஸ்க்ரூ போட்டுகினு கீற? நட்டு எங்க?"

"பஸ்ஸு போயிரும்ணே. லீவு முடிஞ்சு மொத ஆளா வந்து பிரிச்சு ஒழுங்கா மாட்டிருதேன்."

"அப்ப சீட்டுல அத்த எழுதி வையி."

நான் எழுதவில்லை. செய்த வேலையைக் குறிக்கிற அந்த ஷீட்டில் 'போல்ட், நட்டு, தகடு' என்கிற வரிக்கு நேராக ஐந்து கட்டம் இருந்தது. ஐந்திலும் டிக் போட்டேன். கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். பஸ்ஸைப் பிடித்துவிட்டேன்.

லீவு முடிந்து சொன்னபடி முதல் ஆளாகத்தான் வந்தேன். படகு நின்ற இடத்தில் தரை வெறுமையாக இருந்தது. அண்ணன் வந்து, "காணும் பொங்கலன்னிக்கே லாரி வெச்சு எட்த்துகினு பூட்டாங்களாம்," என்றார்.

அந்த வாரம் சூப்பர்வைசரின் கண்ணாடி அறை வாசலுக்கு மூன்று தடவை போனேன். முதல் தடவை அவர் போனில் இருந்தார். இரண்டாவது தடவை, மேடத்தின் கம்பெனி திருப்பி அனுப்பிய பேருந்து முகங்களைப் பற்றி யாரிடமோ திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். மூன்றாவது தடவை அவரே என்னைக் கூப்பிட்டார்.

"ஞாயித்துக்கிழமை கடல்ல டிரையல். ஷெட்லேந்து ஒரு ஆள் வேணும்னு மேடம் கேக்குறாங்க. கயிறு வேலை நீதானே பண்ணே? போயிட்டு வா, OT போட்டுடறேன்."

"சார், அதுல ஒரு..."

"என்ன?"

அவர் முகத்தைப் பார்த்தேன். "ஒண்ணுமில்ல சார்," என்றேன்.

டிரையலுக்குப் போகச் சொன்னதையும், உண்மையைச் சொல்லிவிடலாமா என்று யோசிப்பதையும் அண்ணனிடம் மட்டும் சொன்னேன். சாப்பாட்டு நேரம், கை கழுவுகிற இடம். அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே சொன்னார். "சொன்னின்னு வையி, ஆர்டர் பூடும். ஆர்டர் பூட்டா முப்பது பேருக்கு வேல இல்ல. வுட்டுடு. ஒரு கப்பிதானே? காத்து இல்லாத நாளா பாத்து ஒரு ரவுண்டு ஓட்டிட்டு வந்துடுவாங்க."

சனிக்கிழமை போல்ட் நாலு, நட்டு நாலு, ஒரு தகடு, ஸ்பேனர், ஒரு சின்ன டப்பாவில் எபாக்ஸி எல்லாவற்றையும் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். சீக்கிரம் போய், 'ஒரு தடவை செக் பண்ணிக்கறேன் மேடம்' என்று படகில் ஏறி, அரைமணி நேரம் கிடைத்தால் போதும் என்பது என் கணக்கு. எபாக்ஸி அரைமணியில் இறுகாது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும் டப்பாவைப் பையில் வைத்தேன்.

துறைமுகத்துக்குள் படகு கட்டுகிற இடத்துக்கு நான் போய்ச் சேர்ந்தபோது மேடம் ஏற்கெனவே பாயை, அதன் அடிப்பக்கத்தைத் தாங்குகிற அடிக்கழியில் கோத்து முடித்திருந்தார். வேறு யாரும் இல்லை. ஆள் இல்லாமல் தனியாக ஓட்ட முடிகிறதா என்று பார்ப்பதுதான் டிரையலே. எனக்கு ஒரு மிதவைச் சட்டையை மாட்டி, இடுப்பில் ஒரு பட்டை வாரைக் கொக்கியோடு பூட்டினார்.

"சாப்ட்டியா?"

"சாப்ட்டேன் மேடம்." சாப்பிடவில்லை.

"ஏறு. காத்து இல்லாதப்பவே வாயத் தாண்டிடலாம்."

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். கயிறு இன்னும் கரையில் கட்டியிருந்தது. வரும் வழியில் பஸ்ஸில் அந்த வாக்கியத்தை எத்தனையோ விதமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்திருந்தேன். அவர் என்னை ஏற்றிவிட்டுக் கயிற்றை அவிழ்த்தபோது என் வாயிலிருந்து வந்தது, "பையை எங்க வைக்க மேடம்?" என்பதுதான்.

பின்னால் தொங்கிய சின்ன மோட்டாரை ஓட்டித் துறைமுக வாயைத் தாண்டினோம். வெளியே கடல் எண்ணெய் மாதிரி அசைந்துகொண்டிருந்தது. நான் காக்பிட்டில், பாய்மரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். எனக்கும் அந்த ஐந்தாவது கப்பிக்கும் பத்தடி தூரம். வேறு எங்கே பார்த்தாலும் கண் அங்கேயே போய் நின்றது. மேடம் மடியில் ஒரு பட்டியல். முதலில் பாயை ஏற்றுகிற கயிறு. வின்சில் சுற்றி இழுத்தார். பாய் மேலே ஏறியது. உட்கார்ந்த இடத்திலிருந்தே ஏற்றிவிட்ட சந்தோஷத்தில் அவர் சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தார். ஷெட்டில் யாரும் அவர் சிரித்துப் பார்த்ததில்லை. பட்டியலில் டிக். அடுத்து அடிக்கழியைக் கீழே இழுக்கிற கயிறு. டிக். முன்பாய்க் கயிறு. டிக்.

"நல்லாப் பண்ணியிருக்க," என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"சுருக்குறதுதான் முக்கியம். அதுக்காகத்தான் இவ்ளோ செலவே. ஆனா இந்தக் காத்துல அதப் பாத்துப் பிரயோஜனமில்ல. காத்து வரட்டும். அப்பதான் உண்மையான இழுப்பு தெரியும்."

இரண்டு மணி நேரத்துக்கு மேல் காற்றுக்காகக் காத்திருந்தோம். அவ்வளவு நேரம் நான் வராதே வராதே என்று வேண்டிக்கொண்டிருந்தேன். கரைக் கட்டடங்கள் விரல்நுனி அளவுக்குச் சிறுத்துப்போயிருந்தன. பதினொன்றரை இருக்கும், வடகிழக்கே தண்ணீரின் நிறம் கறுத்து ஒரு கோடு தெரிந்தது. மேடம் அதைப் பார்த்து, "வந்துடுச்சு," என்றார்.

அது வந்த வேகத்துக்கு நான் தயாராக இல்லை. படகு ஒரு பக்கம் சாய்ந்தது. என் கால்கள் எதிர்ப் பலகையில் போய் ஊன்றிக்கொண்டன. அலைகளின் தலை வெளுத்துத் தண்ணீர் முகத்தில் அடித்தது. பாய் வயிறு புடைத்து, பாய்மரத்தின் கம்பிகள் ஊளையிட ஆரம்பித்தன. மேடத்துக்குப் பயமில்லை. "இப்ப பாக்கலாம்," என்று பாயை ஏற்றிய கயிற்றைக் கொஞ்சம் தளர்த்தினார். சுருக்கும் கயிற்றை வின்சில் மூன்று சுற்றுச் சுற்றினார். கைப்பிடியைச் செருகினார்.

முதல் திருகில் கயிறு நீர் சொட்ட விறைத்தது. இரண்டாவது திருகில் கப்பி நிமிர்ந்தது. அதன் அடியில் நான் பூசிய வெள்ளை சீலன்ட் சூயிங்கம் மாதிரி நீண்டது. கப்பிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு கறுப்புக் கோடு திறந்தது.

அவர் கையின் மேல் பாய்ந்து பிடித்துக்கொண்டேன்.

"இழுக்காதீங்க மேடம்! இழுக்காதீங்க! அதுல நட்டு இல்ல!"

காற்றில் அவருக்குக் கேட்கவில்லை. "என்ன?"

"அந்தக் கப்பி! வெறும் ஸ்க்ரூதான். கீழ ஒண்ணுமில்ல. பிடுங்கிட்டு வந்து நம்ம மேல அடிக்கும்!"

அவர் என்னைப் பார்த்தார். கப்பியைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். அதற்கு அவருக்கு நேரம் இல்லை. கயிற்றை ஒவ்வொரு சுற்றாக, மெதுவாக, வின்சிலிருந்து அவிழ்த்துவிட்டார். கப்பி சாய்ந்து கூரையில் படுத்தது. "மத்த நாலு?" என்று மட்டும் கேட்டார்.

"நாலும் போல்ட்டு மேடம். சத்தியமா."

"பாயை மொத்தமா எறக்கிடறேன். மோட்டார்ல போயிடலாம்."

மோட்டாரின் கயிற்றை இடது கையால் மூன்று தடவை இழுத்து உயிர் கொடுத்தார். படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். துவைக்கிற கல்லில் துணியை அடிப்பதுபோல் பாய் படபடவென்று அடிக்க ஆரம்பித்தது. பாயை ஏற்றிய கயிற்றின் நெம்புகோலைத் திறந்துவிட்டார். பாய் சரசரவென்று பாதி இறங்கி நின்றுவிட்டது. கயிறு இப்போது இரண்டு மூன்று கப்பிகளில் வளைந்து பின்னால் வருகிறது. உரசலில் அதற்கு இறங்க மனசில்லை. முன்புபோலப் பாய்மரத்தடியில் நின்றிருந்தால் கையால் பிடித்து இழுத்திருப்பார். யாராவது அங்கே போக வேண்டும்.

"நான் போறேன் மேடம்," என்றேன்.

"நீச்சல் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப இதப் புடி." சுக்கான் கட்டையை என் கையில் திணித்தார். "மூக்கு காத்தப் பாத்தே இருக்கணும். பாய் இப்பிடி அடிச்சிட்டே இருந்தா நீ சரியாப் புடிக்கிறன்னு அர்த்தம். சத்தம் நின்னுச்சுன்னா தப்பு. கட்டைய எந்தப் பக்கம் தள்றியோ, மூக்கு அதுக்கு எதிர்ப்பக்கம் போகும். புரியுதா?"

புரிகிறது என்று தலையாட்டினேன். அவர் தன் வாரின் கொக்கியைப் பக்கவாட்டில் ஓடிய கம்பியில் மாட்டி, முட்டிபோட்டு, முழங்கையும் நல்ல கையுமாகத் தவழ்ந்து முன்னால் போனார். வலது கையை மார்போடு ஒட்டி வைத்திருந்தார்.

நான் அந்தச் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். படபட படபட. அவர் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்து எழுந்து, இடது கையால் துணியைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். ஒரு முழம் இறங்கியது. இன்னொரு முழம். அப்போது ஒரு அலை மூக்கைத் தூக்கி ஒரு பக்கமாகப் போட்டது. சத்தம் நின்றது.

கட்டையைத் தள்ளினேன். தப்பான பக்கம். மூக்கு இன்னும் விலகியது. பாதிப் பாயில் காற்று நிறைந்து, அடிக்கழி இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு ஆள் உயரத்தில் வீசியது. "மேடம்!" என்று அலறினேன். அவர் கூரைமேல் குப்புற விழுந்தார். கழி அடித்து விழுந்தாரா, தானாகப் படுத்தாரா என்று எனக்குத் தெரியவில்லை. அவர் கால் ஒன்று விளிம்புக்கு வெளியே தொங்கியது.

எதிர்ப்பக்கம். எதிர்ப்பக்கம். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே கட்டையை மார்போடு இழுத்தேன். படகு யோசித்தது. அப்புறம் மெதுவாகத் திரும்பியது. படபட என்ற சத்தம் திரும்ப வந்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. மேடம் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். திரும்பிப் பார்த்து, "அப்பிடியே புடி! அப்பிடியே!" என்று கத்தினார். படுத்த வாக்கிலேயே மீதிப் பாயையும் பிடுங்கி இறக்கி, வயிற்றுக்கு அடியில் போட்டு அமுக்கி, ஒரு துண்டுக் கயிற்றால் கழியோடு சேர்த்துக் கட்டினார். அப்புறம் வந்த வழியே தவழ்ந்து வந்தார். நெற்றியில் சிராய்ப்பு. கழி படவில்லை.

கட்டையை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். துறைமுக வாயை நோக்கிப் படகைத் திருப்பினார்.

கரையில் படகைக் கட்டியதும் நேராகப் பாய்மரத்தடிக்குப் போனார். ஐந்தாவது கப்பியை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கினார். நாலு ஸ்க்ரூவோடும் கையோடு வந்துவிட்டது. ஸ்க்ரூவின் மரைகளில் பால்சாத் தூள் ஈரமாக ஒட்டியிருந்தது.

"ஷீட்ல கையெழுத்து உன்னுதா?"

"ஆமா மேடம்."

"சூப்பர்வைசர் சொன்னாரா, இப்பிடிப் போடச் சொல்லி?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார். "இல்ல மேடம். ஊருக்குப் போற அவசரத்துல நானாத்தான் போட்டேன். வந்து மாத்திரலாம்னு நெனச்சேன்."

"சரி. காலைல ஏறும்போது ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சு."

"அப்ப நடுக்கடல்ல மட்டும் எப்பிடிச் சொன்ன?"

"அதவிடப் பெரிய பயம் வந்துருச்சு மேடம்."

அவர் கப்பியைத் தன் பையில் போட்டுக்கொண்டார். "வீட்டுக்குப் போ," என்றார்.

திங்கட்கிழமை அவர் போன் வருவதற்கு முன்னால் நானே கண்ணாடி அறைக்குள் போய்ச் சொன்னேன். சூப்பர்வைசர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று கத்தியது ஷெட்டின் கடைசி வரைக்கும் கேட்டது. "அந்தம்மா உள்ள விழுந்திருந்தா? நீ விழுந்திருந்தா? யாரு பதில் சொல்றது? நாளைக்கு ஆர்டர் போச்சுன்னா இவ்ளோ பேர் வயித்துலயும் உன்னாலதான் அடி!" நான் நின்றுகொண்டே இருந்தேன். சீட்டுக் கிழிந்தது என்றுதான் நினைத்தேன். நான் தங்கியிருந்த அறையில் பெட்டியைக்கூடக் கட்டி வைத்தேன்.

ஆனால் புதன்கிழமை படகு திரும்ப ஷெட்டுக்கே வந்தது. பின்னாலேயே மேடம் வந்தார். சூப்பர்வைசரிடம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று. "உங்க செயின் பிளாக்கையும் தொங்கு தராசையும் கொண்டாங்க. இதுல மாட்டின ஒவ்வொண்ணையும் இழுத்துப் பாக்கணும். ஒண்ணு விடாம."

ஷெட்டின் உத்தரத்தில் சங்கிலியைத் தொங்கவிட்டு, தராசை நடுவில் மாட்டி, ஒவ்வொரு கப்பியாகப் பூட்டி இழுத்தோம். தராசின் முள் அவர் சொன்ன எடைக்கு வந்ததும் நிறுத்தி, கைக்கடிகாரத்தில் ஐந்து நிமிடம் பார்ப்பார். யாரும் பேசக்கூடாது. கூரை முனகுகிறதா என்று காதை வைத்துக் கேட்பார். என்னுடைய நாலும் நின்றன. அடுத்து, கயிற்றை ஒதுக்குகிற கப்பிகள். வலது பக்கம் நின்றது.

இடது பக்கத்தில் முள் பாதிகூடப் போகவில்லை. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். ஃபைபரில் நட்சத்திரம் மாதிரி வெடிப்பு விட்டது.

எல்லோரும் அண்ணனைப் பார்த்தார்கள். அவர் கையில் இருந்த துணியை மடித்துக்கொண்டே இருந்தார். போல்ட் போட்டிருந்தார்தான். ஆனால் உள்ளே மரத்தைச் சுரண்டவில்லை, எபாக்ஸி நிரப்பவில்லை. வெறும் பஞ்சு மரத்தை நட்டு நசுக்கியிருந்தது.

"எனுக்கும் அன்னிக்கு வூட்டுக்குப் போவணும் மேடம்," என்றார். "மாட்ட குளுப்பாட்டணும்னு வூட்டாண்ட ஒரே போனு. நானும் வந்து பாத்துக்கலாம்னு..."

மேடம் சூப்பர்வைசர் பக்கம் திரும்பினார். "ரெண்டு பேர் ரெண்டு எடத்துல ஒரே நாள்ல தப்பு பண்ணியிருக்காங்க. அன்னிக்கே முடிக்கணும்னு நாள் குடுத்தது யாரு? நானும்தான் அன்னிக்குப் பதினொரு மணிக்கு வந்து கப்பியத் தள்ளச் சொல்லிட்டுப் போனேன்." சூப்பர்வைசர் அதற்குப் பிறகு வேலையைவிட்டு நிறுத்துகிற பேச்சை எடுக்கவில்லை. மூடுகிற எதையும் மூடுவதற்கு முன்னால் போட்டோ எடுத்து ஷீட்டோடு சேர்க்க வேண்டும் என்று அடுத்த வாரத்திலிருந்து ஒரு விதி வந்தது. என்னிடம் நேராகப் பேச அவருக்கு ஒரு மாதம் பிடித்தது.

அந்த இரண்டு இடத்தையும் நானும் அண்ணனும் ஷிப்ட் முடிந்த பிறகு நின்று சரிசெய்தோம். உள்பலகையைப் பிரித்து, ஒயரை ஒதுக்கி, மரத்தை மடக்கிய ஆணியால் சுரண்டி, எபாக்ஸியை நிரப்பினோம். அண்ணன் ஒருமுறை மட்டும் பேசினார். "உன்ன வுட்டுடுன்னு சொன்னேன் பாரு. என் தப்ப மனசுல வெச்சிகினுதான் சொன்னேன்." அவரிடம் கோபப்பட எனக்கு யோக்கியதை இல்லை. காற்று வராமல் இருந்திருந்தால், அந்தக் கப்பியைப் பற்றி யாரிடமும் சொல்லாமல் கரையேறி, OT எழுதிக்கொண்டு அறைக்குப் போயிருப்பேன். அதைப் பல தடவை யோசித்துப் பார்த்துவிட்டேன். அப்படித்தான் செய்திருப்பேன்.

மாசி பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி டிரையல். நானே வர வேண்டும் என்று மேடம் சொல்லியனுப்பினார். முதல் நாள் ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. இந்தத் தடவை காற்றுக்காகக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. துறைமுக வாயிலேயே அது நின்றுகொண்டிருந்தது. வெளியே போனதும் படகு சாய்ந்தது. கம்பிகள் ஊளையிட்டன. மேடம் பாயை ஏற்றிய கயிற்றைத் தளர்த்திவிட்டு, சுருக்கும் கயிற்றின் நுனியை என்னிடம் நீட்டினார்.

"நீ இழு."

வின்சில் மூன்று சுற்றுச் சுற்றினேன். கைப்பிடியைப் பிடித்தேன். முதல் திருகில் கயிறு விறைத்தது. கப்பியைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. இரண்டாவது திருகு. மூன்றாவது. கப்பி நிமிர்ந்து நின்றது. அதன் அடியில் கோடு எதுவும் திறக்கவில்லை. நான் திருகத் திருகப் பாயின் அடிப்பகுதி ஒழுங்காக மடிந்து கழியில் வந்து படுத்தது. படகு நிமிர்ந்தது. காற்றின் சத்தம் பாதியாகக் குறைந்த மாதிரி இருந்தது. நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

"விட்டுடு, போதும்," என்றார் மேடம். நெம்புகோலை நான் மூடினேன்.

விரல்களைக் கைப்பிடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. அப்புறம் விளிம்பில் சாய்ந்து, காலையில் சாப்பிட்ட இட்லி முழுவதையும் கடலில் கக்கினேன். மேடம் ஒரு கையால் சுக்கானையும், முழுசாக மடங்காத இன்னொரு கையால் என் மிதவைச் சட்டையின் பட்டையையும் பிடித்துக்கொண்டு, தண்ணீர் பாட்டில் எங்கே இருக்கிறது என்று காலால் தேடிக்கொண்டிருந்தார்.